ஏழைப் பெண்ணும் விக்டோரியா கால நாணமும்



இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள், நாலு பேர் கூடிய இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசப்படுவது. தாய் தன் மகளுக்குச் சொல்லவும் தயங்குவது. ஆயினும், மனித குலத்தின் சரிபாதியினர் வாழ்வைத் தொடும் ஒன்றை நாணம் கருதி ஒதுக்கிவிட்டால், எஞ்சுவது அரை வரலாறாகவே இருக்கும். ஆதலால், விக்டோரியா மகாராணியார் அரசாண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தில், இங்கிலாந்தின் பெருநகரங்களில் வாழ்ந்த ஏழைப் பெண்களின் உடலையும் அவர்களுடைய மாதவிடாயையும் பற்றி அந்தச் சமுதாயம் என்ன எண்ணியது, அவ்வெண்ணத்தால் அவர்கள் அடைந்த துன்பம் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அக்காலத்து வைத்தியர்களிற் பலர் பெண்ணைப் பிறவி நோயாளியாகவே கருதினர். மனித உடலுக்கு இயற்கை அளந்து கொடுத்த சக்தி ஒரு வரையறைக்கு உட்பட்டது. அதனை ஒரு வழியிற் செலவிட்டால் மற்றொரு வழிக்குக் குறையும் என்பது அவர்கள் கொள்கை. பெண்ணின் சக்தியிற் பெரும் பகுதி மாதவிடாய்க்கும் மகப்பேற்றுக்குமே செலவாகின்றது. எனவே அவள் மூளையை வருத்திப் படித்தலாகாது, உடலை வருத்தி உழைத்தலாகாது என்றனர். ஹென்றி மோட்ஸ்லி என்னும் புகழ்பெற்ற மனநோய் வைத்தியர், 1874 ஆம் ஆண்டிலே 'ஃபோர்ட்நைட்லி ரிவியூ' என்னும் சஞ்சிகையில் இக்கொள்கையை விரித்து எழுதினார். இளமையின் சிறந்த ஆண்டுகளிலே, மாதந்தோறும் கால்வாசி நாள் பெண்ணானவள் கடும் வேலைக்குத் தகுதியற்றவளாக இருக்கின்றாள் என்பது அவர் கூற்று. ஆடவருக்குரிய உயர்கல்வி பெண்களுக்கு ஏற்றதன்று என்ற முடிவுக்கு அவர் இதனையே ஆதாரமாகக் காட்டினார்.

செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு இக்கொள்கையினால் விளைந்தது சாய்வு நாற்காலியும் மூடிய சாளரமும். அந்நாள்களில் அவள் நடத்தலாகாது, குதிரையேறலாகாது, குளிர்ந்த நீரைத் தொடலாகாது. அவள் படுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் படுத்திருந்த மெத்தையை விரித்தவள் யார்? அவளுடைய அறைக்கு மாடிப்படியேறி வெந்நீர் சுமந்தவள் யார்? அவள் கழித்த துணியைத் துவைத்தவள் யார்? அவளும் ஒரு பெண்ணே. அவளுக்கும் மாதந்தோறும் அந்நாள்கள் வந்தன.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரித்தானியாவில் வீட்டுப் பணியாளர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது; அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். ஒரே பணிப்பெண்ணை வைத்து எல்லா வேலைகளையும் செய்வித்த நடுத்தர வீடுகள் ஏராளம். விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளி, நிலக்கரி சுமந்து, படிக்கட்டை முழந்தாளிட்டுத் தேய்த்து, இரவு எல்லோரும் உறங்கியபின் உறங்குவது அவள் கடன். 1861 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த திருமதி பீட்டனின் வீட்டு நிர்வாக நூல், அத்தகைய பணிப்பெண்ணுக்கு ஆண்டுச் சம்பளமாக 9 பவுண் முதல் 14 பவுண் வரை குறிக்கின்றது. அவளுடைய சக்தி வரையறைக்கு உட்பட்டது என்று எந்த வைத்தியரும் எசமானியிடம் எடுத்துரைக்கவில்லை.

இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியவர் ஒரு பெண் வைத்தியர். எலிசபெத் காரட் அண்டர்சன் என்பது அவர் பெயர். இலண்டன் மருந்தாளர் சங்கத்தின் பரீட்சையிலே தேறி 1865 ஆம் ஆண்டில் வைத்தியம் செய்யும் உரிமை பெற்ற அவர், மறு ஆண்டிலே மேரில்போன் பகுதியில் ஏழைப் பெண்களுக்கென ஒரு மருந்துச்சாலையைத் திறந்தார். முதலாண்டிலேயே மூவாயிரம் புதிய நோயாளர் அங்கே வந்தனர். ஆண் வைத்தியரிடம் சொல்ல நாணி ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்திருந்த நோவுகளை அவர்கள் அங்கே சொன்னார்கள். இந்த அனுபவத்தோடுதான் அவர் மோட்ஸ்லியின் கட்டுரைக்கு, வெளிவந்த அடுத்த மாதமே, அதே சஞ்சிகையில் மறுமொழி எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இதுவே: ஏழைப் பெண்கள் அந்நாள்களிலும் இடைவிடாது உடலால் உழைக்கின்றார்கள், வீட்டுப் பணிப்பெண்களின் வேலையை அதற்காக எவரும் குறைப்பதில்லை, அதனாற் பொதுவாக அவர்கள் நோயுறுவதுமில்லை, அவ்வாறாயின், புத்தகத்தை விரித்துப் படிப்பதனால் மட்டும் ஒரு பெண் எவ்வாறு அழிந்துபோவாள்?

கூர்மையான வாதம்தான். எனினும் அதிலும் ஒரு குறை உண்டு. பணிப்பெண்ணின் உடல் அங்கே ஒரு சான்றாக முன்வைக்கப்பட்டதேயன்றி, அவளுக்கு நோவு உண்டா, ஓய்வு வேண்டுமா என்ற கேள்வி எழவில்லை. செல்வப் பெண்ணுக்குத் தேவையற்ற ஓய்வு திணிக்கப்பட்டது. ஏழைப் பெண்ணுக்குத் தேவையான ஓய்வும் மறுக்கப்பட்டது.

இனி, ஏழைப் பெண்கள் அந்நாள்களை எவ்வாறு சமாளித்தார்கள் என்று பார்ப்போம். மாதவிடாயைத் தூய்மையோடும் மறைவோடும் கழிப்பதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: நீர், துணி, தனியிடம். இலண்டனிலும் லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் இருந்த நெருக்கமான குடியிருப்புகளில் இம்மூன்றும் அருமையாயிருந்தன. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. ஒரு முற்றத்தைச் சூழ்ந்த பல வீட்டாருக்கு ஒரு குழாய், ஒரு மலகூடம். இலண்டனில் நீர் வழங்கியவை இலாபத்துக்கு நடந்த கம்பனிகள். பல ஏழை முற்றங்களிலே குழாயில் நீர் வருவது நாளுக்கு ஓரிரு மணிநேரமே. வந்த நீரை வாளியிற் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் துவைக்கவும் பங்கிட வேண்டும். கறைபட்ட சீலையை ஊறவைக்க எங்கே இடம்? உலர்த்த எங்கே கொடி? கணவனும் வளர்ந்த ஆண்மக்களும் இருக்கும் ஒற்றையறையில் அதனை எவ்வாறு மறைப்பது?

துணியும் எளிதிற் கிடைப்பதன்று. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பரவுமுன், கந்தைத் துணியே காகிதத்தின் மூலப்பொருள். இலண்டன் தெருக்களிலே கந்தை பொறுக்கி விற்று வயிறு வளர்த்தவர்களை ஹென்றி மேஹியூ தம் புகழ்பெற்ற ஆய்விலே வருணித்திருக்கின்றார். கந்தைக்கும் விலையுண்டு என்ற நிலையில், பழைய சீலைத்துண்டு ஒன்றைத் தனக்கென ஒதுக்கி வைப்பதும் ஏழைப் பெண்ணுக்கு ஒரு செலவே. உட்பாவாடையின் மடிப்பே பலருக்கு உதவியது. 1880களில் பேர்மிங்ஹாமின் சௌத்தோல் கம்பனியார், பயன்படுத்தியபின் எரித்துவிடத்தக்க அணையாடைகளைச் செய்து டசின் கணக்கில் விற்கத் தொடங்கினர். அவை சீமாட்டிகளுக்கும் பிரயாணம் செய்வோருக்கும் என விளம்பரம் செய்யப்பட்டன. எரித்துவிடுவதற்கென்று ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவது தொழிலாளி வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

இங்கே நினைவிற் கொள்ளத்தக்க ஒரு பெயர் கிற்றி வில்கின்சன். அயர்லாந்திலே பிறந்து லிவர்பூலிற் குடியேறிய ஏழைத் தொழிலாளி அவர். 1832 ஆம் ஆண்டு வாந்திபேதி நகரத்தை வாட்டியபோது, தம் வீட்டிலிருந்த கொதிகலனை அயலவர் துணி துவைக்கத் திறந்துவிட்டார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, 1842 ஆம் ஆண்டில் லிவர்பூல் பிரெடரிக் வீதியிலே பொதுக் குளிப்பறையும் சலவைக்கூடமும் அமைந்தன; கிற்றியும் அவர் கணவரும் பின்னர் அதன் மேற்பார்வையாளராயினர். 1846 இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், உள்ளூர்ச் சபைகள் இத்தகைய கூடங்களை அமைக்க வழிவகுத்தது. எளியோருக்கான குளிர்நீர்க் குளிப்புக்கு ஒரு பென்னி, வெந்நீர்க் குளிப்புக்கு இரண்டு பென்னி என்று உச்ச விலையும் விதித்தது. மாதவிடாய் என்ற சொல் அச்சட்டத்தின் நோக்கத்தில் இல்லை. கொள்ளைநோயின் அச்சமே அதன் பின்னணி. எனினும், ஒழுக்க உபதேசங்கள் நூறு செய்யாத உதவியை அந்தச் சலவைக்கூடம் ஏழைப் பெண்ணுக்குச் செய்தது. அடக்கமாயிரு, தூய்மையாயிரு என்று அவளுக்குப் போதித்தோர் பலர்; அதற்கு வேண்டிய நீரைக் கொடுத்தோர் சிலரே.

அறிவும் நீரைப்போலவே சுருங்கிக் கிடந்தது. இலண்டனிலே ஏழைகளுக்கான மருந்துச்சாலையொன்றில் பணியாற்றிய எட்வர்ட் டில்ட் என்னும் வைத்தியர், ஆயிரத்தை நெருங்கிய தொகையான பெண்களிடம் அவர்கள் பூப்பெய்திய காலத்தைப் பற்றி விசாரித்தார். அவர்களிற் கால்வாசிப் பேர், முன்னறிவு சிறிதுமின்றியே அந்நாளைச் சந்தித்தவர்கள். சிலர் அலறினர், சிலர் தமக்குக் காயம் பட்டுவிட்டது என எண்ணி, குளிர்ந்த நீராற் கழுவிக் குருதியை நிறுத்த முயன்றனர். அத்தாய்மார் கல்நெஞ்சர் அல்லர். தமக்கும் எவரும் சொல்லாத ஒன்றைத் தம் மகளுக்குச் சொல்ல அவர்களிடம் சொற்கள் இருக்கவில்லை.

வைத்தியர்களின் அறிவும் அரைகுறையே. மான்செஸ்டரில் மகப்பேற்று வைத்தியசாலையிலே பணியாற்றிய ஜோன் றொபேட்டன் என்பவர், 1830களில் அங்கு வந்த ஏழைப் பெண்கள் 450 பேரின் பூப்பு வயதைக் கணக்கிட்டார். அக்காலத்திலே சராசரி வயது பதினைந்தைத் தாண்டியிருந்தது. இன்று அது பதின்மூன்றளவில் நிற்கின்றது. உணவும் உடல்நலமும் மேம்பட்டமையே இந்த மாற்றத்துக்குப் பெருங்காரணம். எமது நாடுகளைப் பற்றியும் றொபேட்டன் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். வெப்ப நாட்டுப் பெண்கள் மிக இளமையிலே பூப்பெய்துவர் என ஐரோப்பியர் பரப்பிய கதையை அவர் ஏற்கவில்லை. இந்தியாவிலிருந்து வரவழைத்த விவரங்களைக் கொண்டு, அவ்வேறுபாடு மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டார். ஆயினும், கரு எந்நாளில் உண்டாகும் என்பதை அந்நூற்றாண்டு வைத்தியர் எவரும் சரிவர அறியவில்லை. விலங்குகளின் பருவகாலத்தோடு மாதவிடாயை ஒப்பிட்டு, மாதத்தின் நடுநாள்களே கருத்தரிக்காத நாள்கள் என அறிவுரை கூறினர். உண்மை அதற்கு நேர்மாறானது என்பது, 1920களில் ஜப்பானிய வைத்தியர் ஒகினோவும் ஒஸ்திரிய வைத்தியர் க்னௌசும் செய்த ஆராய்ச்சிகளின் பின்னரே தெளிவாயிற்று. அந்த அறிவுரையை நம்பிய ஏழைத் தாயின் மடியில் இன்னொரு குழந்தை வந்து சேர்ந்தது.

அறியாமையோடு மூடநம்பிக்கையும் கைகோத்து நின்றது. 1878 ஆம் ஆண்டிலே, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' என்னும் வைத்திய சஞ்சிகையின் கடிதப் பகுதியில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. மாதவிடாய்க் காலத்திலே பெண் தொட்டு உப்பிட்டால் பன்றியிறைச்சி கெட்டுவிடுமா என்பதே விவாதப் பொருள். கெடும் என்று சான்று கூறி எழுதியவர்கள் படித்த வைத்தியர்கள். பெண்களுக்குப் பட்டங்கள் வழங்க இலண்டன் சர்வகலாசாலை இணங்கியதும் அதே 1878 ஆம் ஆண்டிலேதான். தீட்டு என்பது கீழைநாட்டார்க்கே உரிய பேதைமை என்று பேசிய காலத்தில், மேலைநாட்டுச் சமையலறையிலும் அது குடியிருந்தது.

நேயர்களே, பேசக்கூடாத பொருள் எதுவோ, அதனை வைத்துப் பொருளீட்டுவோர் எக்காலத்திலும் உண்டு. மாதவிடாய் தவறினால் அதனை வரவழைக்கும் என்று கூறி, 'தடைகளை நீக்கும் பெண்கள் மாத்திரை' என்ற பெயரிலே பத்திரிகைகளில் விளம்பரங்கள் மலிந்தன. கருவைக் கலைத்தல் என்று வெளிப்படச் சொல்லாவிடினும், வாங்கியவர்களுக்கு அதன் பொருள் விளங்கியது. ஏழாவது குழந்தைக்குச் சோறில்லாத தாயும், வேலை பறிபோகும் என அஞ்சிய பணிப்பெண்ணும் அவற்றை வாங்கினர். 1898 ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றத்திலே ஒரு வழக்கு வந்தது. மூன்று சகோதரர் இவ்வாறு போலி மாத்திரைகளை விற்றனர். பின்னர், வாங்கிய பெண்களின் விலாசங்களைக் கொண்டு, நீ செய்ய முயன்றது சட்டப்படி குற்றம், இரண்டு கினி அனுப்பாவிட்டால் உன்மேல் வழக்குத் தொடரப்படும் என்று ஆயிரக்கணக்கானோருக்கு மிரட்டற் கடிதம் அனுப்பினர். பல பெண்கள் கணவருக்கும் தெரியாமற் பணத்தை அனுப்பினர். சகோதரர் இருவருக்குப் பன்னிரண்டாண்டும் மற்றவருக்கு ஏழாண்டும் கடுந்தண்டனை கிடைத்தது. அவர்கள் விற்ற மாத்திரையில் மருந்து இல்லை. அவர்களுக்கு முதலாக அமைந்தது பெண்களின் நாணமும் அச்சமுமே.

அரசாங்கமே ஏழைப் பெண்ணின் உடல்மீது கைவைத்த வரலாறும் உண்டு. படைவீரரிடையே மேகநோய் பரவுவதைத் தடுப்பதற்கென 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளிலே தொற்றுநோய்ச் சட்டங்கள் இயற்றப்பட்டன. படைமுகாம்களும் துறைமுகங்களும் இருந்த நகரங்களிலே, விலைமகள் என்று பொலிசார் ஐயுற்ற பெண்ணை நீதவான் கட்டளைப்படி வைத்தியர் உள்ளுறுப்புப் பரிசோதனை செய்யலாம், நோயிருந்தால் வைத்தியசாலையிலே அடைத்துவைக்கலாம், மறுத்தாற் சிறையிலிடலாம். நோயைப் பகிர்ந்த ஆடவனுக்குப் பரிசோதனை இல்லை. காலின் கணுவும் வெளியே தெரியலாகாது என்று பெண்களுக்கு விதித்த சமுதாயம், ஏழைப் பெண்ணின் மறைவிடத்தைச் சட்டத்தின் துணையோடு திறந்து பார்த்தது. இந்தச் சட்டம் இலங்கைக் கரையையும் எட்டியது. 1867 ஆம் ஆண்டில் இங்கும் இதனையொத்த சட்டம் வந்தது. இங்கிலாந்திலே ஜோசபின் பட்லர் அம்மையாரின் தலைமையிலே பெண்கள் 1869 முதல் இடைவிடாது போராடினர். சட்டங்கள் 1883 இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1886 இல் நீக்கப்பட்டன. சற்று முன்னர் நாம் போற்றிய எலிசபெத் காரட் அண்டர்சன் இச்சட்டங்களை ஆதரித்தவர் என்பதையும் மறைத்தலாகாது. ஏழைப் பெண்களை நேரிற் கண்டு வைத்தியம் செய்தவருக்கும், அவர்களுடைய சம்மதம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

மாற்றம் எங்கிருந்து வந்தது? ஏழைப் பெண்கள் தாமே பேசத் தொடங்கியபோது வந்தது. 1888 ஆம் ஆண்டு யூலை மாதம் கிழக்கு இலண்டனிலே, பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களும் சிறுமியரும் ஏறக்குறைய 1,400 பேர் வேலையை விட்டு வெளியேறினர். பின்னாளில் அடையாற்றிலே தங்கித் தமிழ்மக்களுக்கு நன்கு அறிமுகமான அன்னி பெசண்ட் அம்மையார், அவர்களுடைய நிலைமையை முன்னரே பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். கோடையில் காலை ஆறரை மணி முதல் மாலை ஆறு மணி வரை, வேலைநேரம் முழுவதும் நின்றபடியே அவர்கள் உழைக்க வேண்டும். பாதம் அழுக்காயிருந்தால் அதற்கும் அபராதம். நீரில்லாத முற்றத்திலிருந்து வருபவளுக்கு அழுக்குக்காக அபராதம்! அவர்களுடைய வேலைநிறுத்தம் வெற்றிபெற்றது. 1891 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணை நாலு வாரம் வேலைக்கு வைத்தலாகாது என்றது. ஆனால் அந்நாலு வாரத்துக்குக் கூலி இல்லை. 1911 ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தினால் 30 சிலிங் மகப்பேற்று உதவி வந்தது. அப்பணம் தாய்க்கே உரியது என்று 1913 இல் திருத்தம் செய்வித்தவர்கள் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தார். அச்சங்கத்தார் 1915 ஆம் ஆண்டில் தொழிலாளர் குடும்பப் பெண்கள் எழுதிய 160 கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டனர். மணமாகுமுன் எங்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்பது அக்கடிதங்களிலே திரும்பத் திரும்ப ஒலிக்கும் துயரம். எழுதியவர்களிற் பலர் விக்டோரியா காலத்திலே பிறந்து வளர்ந்தவர்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அணையாடைக்கு விதித்த விற்பனை வரியைப் பிரித்தானிய அரசாங்கம் முற்றாக நீக்கியது 2021 ஆம் ஆண்டு தைமாதத்திலேதான். அதே ஆண்டில் இயற்றிய சட்டத்தினால், வேண்டுவோர் எவரும் அவற்றை இலவசமாகப் பெறும் உரிமையை ஸ்கொத்லாந்து வழங்கியது. வாங்க வழியில்லாத சிறுமியர் இந்நூற்றாண்டிலும் அங்கே இருந்தார்கள் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நாணம் நல்ல குணம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு குழாயும், ஒரு துண்டு சுத்தமான சீலையும், தாழிடக்கூடிய ஒரு கதவும் இல்லாதவளிடம் நாணத்தை எதிர்பார்ப்பது நீதியன்று. முதலில் அவற்றைக் கொடுப்போம். அதனோடு, பூப்பெய்தும் பருவத்துச் சிறுமி அஞ்சி அலறுமுன், அவளருகில் அமர்ந்து உள்ளதை உள்ளபடி ஒருவர் சொல்லட்டும். இதற்குப் பணமும் வேண்டுவதில்லை. தாயின் அன்பும் சிறிது துணிவும் போதும்.